பள்ளிச் சீண்டல்: பிள்ளையின் உடம்பிலும் படிப்பிலும் அது என்ன செய்கிறது?

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் கேலியும் கிண்டலும் இருக்கத்தான் செய்யும். இன்றைக்கு இவன் அவனை ஓட்டுவான், நாளைக்கு அவன் இவனை ஓட்டுவான், மதியம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பார்கள். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தினமும் ஒரே பிள்ளை மாட்டுகிறது, தினமும் அதே நாலு பேர்தான் மாட்டவைக்கிறார்கள், அந்தப் பிள்ளை திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் இரண்டு மடங்காக வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், அது வேறு விஷயம். புல்லியிங் என்று சொல்கிறார்களே, அது இதுதான். இந்தக் கட்டுரையில் சுருக்கமாகச் சீண்டல் என்றே எழுதுகிறேன்.

இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்தவர். 1970-களில் தொடங்கிய அவருடைய ஆய்வுகளிலிருந்து மூன்று அடையாளங்கள் நமக்குக் கிடைத்தன. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது.

மூன்றாவது அடையாளத்தைத்தான் பெரியவர்கள் கோட்டைவிடுகிறோம். பலம் என்றால் உடல் பலம் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். கூட்டாளிகள் அதிகம் இருப்பதும் பலம்தான். ஊரில் எண்ணிக்கை அதிகமுள்ள சாதியில் பிறந்திருப்பது, கையில் காசு புழங்குவது, சிவப்பாக இருப்பது, சரளமாகப் பேசத் தெரிவது, டீச்சருக்குச் செல்லப்பிள்ளையாக இருப்பது என்று பள்ளிக்கூடத்தில் பலத்துக்கு எத்தனையோ உருவம் உண்டு. அதனால்தான் “நீயும் ரெண்டு போடு, அடங்கிடுவான்” என்று அப்பா சொல்லும் யோசனை பெரும்பாலும் எடுபடுவதில்லை. ரெண்டு போட முடிகிற பிள்ளையை அவர்கள் முதலிலேயே தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

சீண்டலின் வடிவங்களில் அடி, உதை, காசு பறிப்பு ஆகியவை கண்ணுக்குத் தெரிந்துவிடும். பட்டப்பெயர் காதுக்குத் தெரியும். எதுவுமே தெரியாமல் நடப்பது ஒதுக்கிவைத்தல். யாரும் திட்டவில்லை, யாரும் தொடவில்லை. ஆனால் குழுவாகச் செய்யும் பிராஜக்ட் என்றால் அவளைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. ஆசிரியர் பார்த்தால் அமைதியான வகுப்பு. அப்புறம் போன். முன்பெல்லாம் நாலரை மணிக்குப் பள்ளி கேட்டைத் தாண்டினால் மறுநாள் காலை வரை நிம்மதி. இப்போது அந்தப் பிள்ளையின் போட்டோவை ஸ்டிக்கராக்கி இரவு பதினொரு மணிக்கு வாட்சப் குரூப்பில் போடுகிறார்கள். வீட்டுக்குள், போர்வைக்குள் வந்துவிட்டது.

எத்தனை பிள்ளைகளுக்கு இது நடக்கிறது? யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர், துல்லியமாகச் சொன்னால் 32 சதவீதம் பேர், கடந்த ஒரு மாதத்தில் ஒருமுறையாவது சக மாணவர்களால் சீண்டப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருமே நிரந்தரமாகப் பாதிக்கப்படுகிறவர்கள் இல்லை. ஆனால் ‘எங்கோ ஒன்றிரண்டு’ என்று தள்ளிவிடக்கூடிய எண்ணிக்கையும் இல்லை.

உடம்பு முதலில் பேசும்

சீண்டப்படும் பிள்ளை வாயைத் திறந்து சொல்வதற்கு வெகு நாட்கள் முன்பே உடம்பு சொல்லிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்கும் வயிற்றுவலி, காலையில் யூனிஃபார்ம் போடும்போது வரும் குமட்டல், தலைவலி, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, சின்னப் பிள்ளைகளானால் நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது. டாக்டரிடம் போகிறோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. “ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்” என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறோம்.

அது நடிப்பில்லை. பயம் வந்ததும் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பு கூடுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. தெருநாய் துரத்தினால் ஓடித் தப்பிக்க இந்த ஏற்பாடு உதவும், பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியும் விடும். சீண்டலில் நாய் தினமும் வகுப்பறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஏற்பாடு அடங்க நேரமே கிடைப்பதில்லை. அதனால் வயிறும் தலையும் நிஜமாகவே வலிக்கின்றன. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சீண்டப்படும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட உடல் தொல்லைகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்காவது இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பள்ளியில் ஆசிரியர் கண் படாத இடம் எது? கழிப்பறை. சீண்டல் அதிகம் நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே போகப் பயப்படும் பிள்ளை என்ன செய்யும்? தண்ணீர் குடிக்காது. காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த ஒரு லிட்டர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். எட்டு மணி நேரம் அடக்கிவைத்த பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் பாத்ரூமுக்கு ஓடும். இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்க்கடுப்பு, தொற்று எல்லாம் வரும். மருந்து வாங்கிக் கொடுப்போம், குணமாகும், திரும்பவும் வரும். அந்தப் பாட்டிலையும் சாப்பிடாமல் வரும் டிபன் பாக்ஸையும் பார்த்துவிட்டு, “ஏன் குடிக்கல?” என்று அதட்டாமல், “இன்டர்வல்ல யார்கூட இருந்தே?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு “தாகம் எடுக்கல” என்ற பதில்தான் வரும். இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று பொய் சொல்வது கஷ்டம்.

மனத்துக்கு நேர்வதை எல்லோரும் ஓரளவு ஊகிக்கலாம்: பதற்றம், மனச்சோர்வு, ‘என்னிடம்தான் ஏதோ கோளாறு’ என்ற எண்ணம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சிலரிடம் உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு. ஒரு பிள்ளை அந்த எல்லைவரை போவதற்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கும், சீண்டல் ஒன்றையே குற்றவாளியாக்க முடியாது. ஆனாலும் அந்தக் காரணங்களில் நாம் கை வைத்துக் குறைக்கக்கூடிய ஒன்று அது. 1982-இல் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கடுமையான சீண்டலே காரணமாக இருக்கலாம் என்று செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு நார்வே அரசு எல்லாப் பள்ளிகளுக்குமாகத் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதையொட்டி பெர்கன் நகரப் பள்ளிகளில் ஓல்வியஸ் நடத்திய முயற்சியில் சீண்டல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதாவது, இது பிள்ளைகளின் சுபாவம், மாற்ற முடியாது என்ற பேச்சுக்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

‘ஏற்கெனவே பலவீனமான பிள்ளைதான் சீண்டப்படுகிறது, அதனால்தான் பின்னாளில் நோய் வருகிறது, சீண்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று வாதிட இடமிருக்கிறதா? நியாயமான கேள்விதான். இதற்காகவே பிரிட்டனில் உருவொத்த இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே மரபணு, ஒரே வீடு. ஒருவர் மட்டும் சீண்டப்பட்டிருக்கிறார், மற்றவர் தப்பித்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் இருவரையும் ஆட்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் சொன்னார்கள். சீண்டப்படாத பிள்ளைக்கு எதிர்பார்த்தபடி கார்டிசால் ஏறி இறங்கியது. சீண்டப்பட்ட பிள்ளைக்கு அது ஏறவே இல்லை. எந்நேரமும் பயந்து பயந்து அந்த ஏற்பாடே மழுங்கிப்போயிருந்தது.

இதன் நிழல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதற்கு இன்னொரு பிரிட்டன் ஆய்வு. 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் சீண்டப்பட்டார்களா என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துவைத்திருந்தார்கள். அவர்கள் ஐம்பது வயதை எட்டியபோது பார்த்தால், அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம், படிப்பு குறைவு, உறவுகளும் நட்பும் குறைவு. நாலாம் வகுப்பில் நடந்ததன் தடம் ஐம்பது வயதிலும் அழியவில்லை.

மார்க் ஏன் குறைகிறது?

‘எட்டாவது வரைக்கும் நல்லாப் படிச்சான், ஒன்பதாவதுல என்னமோ ஆயிடுச்சு.’ இதைச் சொல்லாத பெற்றோர் கூட்டம் எந்தப் பள்ளியிலும் நடந்ததில்லை. வயசுக் கோளாறு, போன், கூடாத சகவாசம் என்று காரணங்கள் அடுக்கப்படும். சீண்டல் அந்தப் பட்டியலில் வருவது அபூர்வம்.

நடப்பது இதுதான். பின் பெஞ்சிலிருந்து எப்போது காம்பஸ் முனை முதுகில் குத்தும் என்று காத்திருக்கும் பிள்ளையின் கவனத்தில் பாதி அங்கேயே போய்விடும். மீதிப் பாதியில் இயற்கணிதம் ஏறாது. அடுத்து, அந்தப் பிள்ளை கை தூக்குவதை நிறுத்திவிடும். திக்கிப் பேசும் பையன் ஒருவன் ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் இரண்டு பேர் அதே மாதிரி திக்கிக் காட்டிச் சிரித்தால், அவன் விடை தெரிந்தும் “தெரியல மிஸ்” என்பான். சந்தேகம் கேட்க மாட்டான். கேட்காத சந்தேகம் அடுத்த பாடத்தில் ஓட்டையாக நிற்கும். சில பிள்ளைகள் வேண்டுமென்றே மார்க்கைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. ‘படிப்ஸ்’ என்று ஓட்டப்படுவதைவிடச் சராசரியாக இருப்பது பாதுகாப்பு.

பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு (OECD) பல நாட்டு மாணவர்களுக்கு நடத்தும் பிசா தேர்வில் 2018-இல் இது எண்ணாகவே வந்தது. அந்த நாடுகளில் பதினைந்து வயது மாணவர்களில் 23 சதவீதம் பேர் மாதத்தில் சில முறையாவது சீண்டப்படுவதாகச் சொன்னார்கள். அடிக்கடி சீண்டப்பட்டவர்கள் வாசிப்பில் சராசரியாக 21 புள்ளிகள் குறைவாக வாங்கியிருந்தார்கள். வீட்டு வசதி வித்தியாசத்தைக் கழித்த பிறகும் அந்த இடைவெளி இருந்தது.

ஆனால் மார்க்கைவிட முக்கியமான தடயம் வருகைப் பதிவேடு என்பது என் உறுதியான எண்ணம். அடிக்கடி சீண்டப்படும் பிள்ளைகள் பள்ளிக்கு வராமலிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்கிறது யுனெஸ்கோ அறிக்கை. மார்க் குறைந்தது தெரிய காலாண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டும். லீவு அன்றன்றைக்கே தெரிந்துவிடும். திங்கட்கிழமை மட்டும் வராத பிள்ளை, பி.டி. பீரியட் இருக்கும் நாள் பார்த்து வராத பிள்ளை, பஸ் ரூட்டை மாற்றிக் கேட்கும் பிள்ளை, நல்ல மார்க் இருந்தும் பத்தாவது முடிந்ததும் வேறு பள்ளிக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் பிள்ளை. இவர்களிடம் காரணம் கேட்க வேண்டும், அதுவும் தனியாகக் கேட்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியல் சமூகத்து மாணவர் ஒருவர் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான், கூடப் படிக்கும் ஆதிக்க சாதி மாணவர்கள் சிலர் அவரைத் துன்புறுத்திவந்தது வெளியே தெரிந்தது. புகார் ஆனது. அந்தச் சூட்டோடு இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இருவரும் பிழைத்தார்கள். அந்த மாணவர் மறு ஆண்டு பொதுத்தேர்வு எழுதித் தேர்ச்சியும் பெற்றார்.

கொடூரத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய வரிசை. பள்ளிக்கு வராததுதான் அவர் கொடுத்த முதல் புகார். அதை யாரோ கவனித்துக் கேட்டார்கள், அது சரியாக நடந்தது. சொன்ன பிறகு அவருக்குப் பாதுகாப்பு இல்லை. எத்தனையோ பிள்ளைகள் வாய் திறக்காமலிருப்பதற்கான காரணம் அப்படியே அந்த இரவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர்களை நியமிப்பது போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. கயிறு பற்றித்தான் டிவியில் காரசாரமாகச் சண்டை போட்டார்கள். நல அலுவலர் என்ற யோசனை இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்க் போடாத, தண்டிக்காத, கேட்டுக்கொள்வதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு பெரியவர் பள்ளிக்குள் இருந்தால் பிள்ளை போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கும்.

பிள்ளைகள் மறைப்பதற்கு வீட்டிலும் காரணம் உண்டு. பையன் சொன்னால் “ஆம்பளப் புள்ள இதுக்குப் போய் அழுவியா?” என்பார்கள். பெண் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். முதலில் போனைப் பிடுங்குவார்கள், அப்புறம் “நீ ஸ்கூலுக்கே போக வேண்டாம்” என்பார்கள். தப்பு செய்தவன் வகுப்பில் இருப்பான், படிப்பு போவது இவளுக்கு. தன் படிப்பைக் காப்பாற்றிக்கொள்ளவே பல பெண் பிள்ளைகள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போகிறார்கள்.

பிள்ளை சொல்லிவிட்டால்

முதலில் முழுக்கக் கேளுங்கள். “நீ என்ன பண்ணே?” என்று ஆரம்பிக்க வேண்டாம். நடந்த நாள், இடம், கூட இருந்தவர்கள், போனில் வந்த மெசேஜ் என்று எல்லாவற்றையும் எழுதிவையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். கொடுக்கும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “நாளையிலிருந்து இன்டர்வலிலும் வீட்டுக்கு வரும் வழியிலும் இவனை யார் பார்த்துக்கொள்வது?” அடி, மிரட்டல், சாதி சொல்லித் திட்டுவது, பாலியல் சீண்டல் என்றால் பள்ளிக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை, காவல்துறைக்குப் போக வேண்டியது. இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் எதிரெதிரே நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்லும் பஞ்சாயத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். சமபலம் உள்ளவர்களின் சண்டைக்கு அது பொருந்தும். இங்கே பலவீனமான பிள்ளை எல்லோர் முன்னாலும் இன்னொருமுறை தோற்றுப்போகும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. அதே பிரிட்டன் இரட்டையர் ஆய்வில், சீண்டப்பட்ட பிள்ளைகளில் அம்மாவின் அன்பும் உடன்பிறந்தவர்களின் ஒட்டுதலும் அமைதியான வீடும் கிடைத்தவர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டார்கள். பள்ளியைச் சரிசெய்ய மாதங்கள் ஆகலாம். வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைச் சண்டையில்லாமல் வைத்துக்கொள்ள இன்று இரவே முடியும்.

அப்புறம், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான சீண்டலைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். தலையிட்டவர்கள் சிலரே. ஆனால் யாராவது தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட சமயங்களில் பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றது. சீண்டுகிறவனுக்கு வேண்டியது கூட்டத்தின் சிரிப்பு, அது கிடைக்காவிட்டால் சுவாரசியம் போய்விடுகிறது. இதே எண்ணத்தில்தான் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிவா என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். சீண்டப்படும் பிள்ளையைத் தைரியசாலியாக்குவதைவிட, சுற்றி நிற்கும் முப்பத்தைந்து பேரைப் பழக்குவது அதன் வழி. சண்டைக்குள் குதிக்கச் சொல்வதில்லை. சிரிக்காமலிருப்பது, ஆசிரியரிடம் போய்ச் சொல்வது, மதியம் அவன் பக்கத்தில் போய் உட்காருவது. நம் வகுப்பறைகளுக்கும் இதற்குப் பெரிய செலவு ஆகாது.

உங்கள் பிள்ளைதான் சீண்டுகிறது என்று புகார் வந்தால்? ‘என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று பாயாதீர்கள். ஓல்வியஸ் தொடர்ந்து கவனித்ததில், ஆறாவது முதல் ஒன்பதாவது வரை மற்றவர்களைச் சீண்டிவந்த பையன்களில் சுமார் 60 சதவீதம் பேர் 24 வயதுக்குள் ஒருமுறையாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருந்தார்கள். இப்போது நிறுத்துவது அவனுக்கும் நல்லது. அவனே வேறெங்கோ அடி வாங்குகிறவனாகவும் இருக்கலாம், வீட்டிலேயேகூட. சீண்டப்பட்டும் சீண்டியும் வளரும் பிள்ளைகளின் மனநலம்தான் எல்லோரையும்விட மோசமாக இருப்பதாக அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பேரை வளர்ந்து ஆளாகும்வரை கவனித்த ஆய்வு சொல்கிறது. அவனையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

புகார் கொடுத்த முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள். மூன்றாவது வாரம் விசாரியுங்கள், ஒரு மாதம் கழித்தும் விசாரியுங்கள். பிள்ளையின் பேச்சில் சாவைப் பற்றி ஏதாவது வந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். பள்ளி தொடர்பான புகாருக்கும் ஆலோசனைக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் எண் 14417. ஆபத்து என்றால் சிறார் உதவி எண் 1098, இதைப் பிள்ளையே நேரடியாக அழைக்கலாம். கடைசி எண்ணைப் பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பெற்றோரிடம் சொல்ல முடியாத நாளிலும் யாரிடமாவது சொல்ல அதற்கு ஒரு வழி வேண்டும்.